மணல்பயறும் மூன்றாவது டிரம்மும்

கிளட்ச் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறுதான். ஆனால் இருபத்தேழு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்! கிளட்சை மிதி! இடது கால் எதுன்னு வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?" என்று தொண்டை கிழியக் கத்தியதில் அந்தப் பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண், பல் டாக்டர், எல்லோரும் அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

திட்டு தாராளமாகக் கிடைக்கும். பாராட்டு என்ற பேச்சே கிடையாது. யாராவது ஒரு தப்பும் இல்லாமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், "ம்... பரவாயில்லை" என்பாள். அதற்கு மேல் அவளிடம் மார்க் இல்லை. "நல்லா ஓட்டுறன்னு சொன்னா, அன்னிக்கே கொண்டுபோய் மரத்துல விடுவாங்க" என்பது அவள் கட்சி.

அவள் கைக்கு அடங்காத ஒரே மாணவர் அவளுடைய கணவர். அவர் தையல்காரர். துணியில் அவர் கை போட்ட கோடு இம்மி பிசகாது. காரில் உட்கார்ந்தால்தான் வினை. முப்பது வருடமாக மிதித்து மிதித்துத் தையல் மெஷின் ஓட்டிய கால் அது. ஆக்சிலரேட்டரையும் மெஷின் மிதிகட்டை என்றே நினைத்து, மிதித்து விடும், மிதித்து விடும். வண்டி குதித்துக் குதித்துப் போய் எதன் மேலாவது முட்டி நிற்கும். ஆறு தடவை லைசென்ஸ் தேர்வுக்குப் போனார். ஆறாவது தடவை, தேர்வு வைத்த அதிகாரி பாதி வழியிலேயே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நடந்தே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் கேட்டார். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற. எனக்கு ஒரு தடவையாவது, நல்லா ஓட்டுனீங்கன்னு சொல்லக் கூடாதா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள் அவள், பட்டென்று.

அவர் சிரித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மறுநாளே ஒரு பழைய சைக்கிளை வாங்கி எண்ணெய் போட்டுக் கடைக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டார். சொன்னது நிஜம்தான் என்றாலும், அந்தச் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் முள் மாதிரி ஒன்று உறுத்தும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவள் பள்ளிக்கூடம் நடந்தது ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த மணல் பொட்டலில். மரம் இல்லை, நிழல் இல்லை. ஐந்து காலி டிரம்களை வைத்து எட்டு போடச் சொல்லிக்கொடுப்பாள். மூன்றாவது டிரம்மில்தான் எல்லோருக்கும் சனி பிடிக்கும். வளைவு இறுகுகிற இடம் அது. பயத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பார்கள், கிளட்சை விடுவார்கள், சக்கரம் மண்ணை வாரி இறைக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அந்த டிரம் நசுங்கிய நசுங்கலில் அதன் வடிவமே மாறிவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். காலை வகுப்புக்கு வண்டியைத் திருப்பினால், ஓடுதளத்துக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு பெண் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். அக்கா ஹாரனை அமுக்கிப் பிடித்தாள்.

"யாரும்மா அது? உயிர் மேல ஆசை இல்லையா?"

அந்தப் பெண் படுத்தபடியே கையை உயர்த்தினாள். "வராதீங்க! நிறுத்துங்க! இது அறுபது வருஷமா யாருமே பார்க்காத செடி!"

"நான் தினமும் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் பல்கலைக்கழகத்தில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அக்கா அவளைச் செடி மேடம் என்று கூப்பிட்டாள். கடைசிவரை அதுவே நிலைத்தது. அவள் காட்டிய செடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. மூன்று மூன்றாகச் சாம்பல் நிற இலை, விரல்நகம் அளவுக்கு மஞ்சள் பூ, மணலில் பாதி புதைந்த குட்டிக் காய். பயறு இனத்தைச் சேர்ந்தது, காய்ந்த மணல் காட்டில் மட்டும்தான் வளரும், அழிந்தே போய்விட்டது என்று புத்தகத்தில் எழுதி மூடிவிட்டார்கள் என்றாள் மேடம். வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னாள். அக்கா அதை மணல்பயறு என்று சுருக்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் சந்தோஷமில்லை. ஒரு வேளை குழம்புக்குக்கூட ஆகாத பயறுக்காக, மூன்றே மாதத்தில் பொட்டலைச் சுற்றி வேலி வந்தது. டிரம்களை வெளியே உருட்டினார்கள். ‘உள்ளே நுழையக் கூடாது’ என்று பலகை வைத்தார்கள். அக்கா வனத்துறை அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டாள், மேடத்தோடும் சண்டை போட்டாள். மேடம் பதிலுக்குக் கத்தவில்லை. "அக்கா, அந்த இடத்தோட ஒவ்வொரு அடியும் உங்களுக்குத் தெரியும். காவல் வேலை உங்களுக்கே குடுக்கச் சொல்லியிருக்கேன். காலையில புறவழிச்சாலை ஓரமா வகுப்பு எடுங்க, மத்தியானம் இதைப் பார்த்துக்குங்க" என்றாள். அக்கா முறைத்துக்கொண்டேதான் சாவியை வாங்கினாள்.

ஆனால் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவள். ஆடு மேய்க்க வந்தவர்களை விரட்டினாள். பந்து எடுக்க வேலி தாண்டியவர்களின் காதைத் திருகினாள். இவ்வளவு அபூர்வமான செடிக்கு இடம் இப்படிக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறதே என்று ஒரு மண்வாரியை வாங்கிவந்து, சக்கரம் பறித்த பள்ளங்களையெல்லாம் இழுத்து நிரவினாள். தன் கையால் தன் எட்டை அழிக்கும்போது கண் கலங்கத்தான் செய்தது. இருந்தாலும் பொட்டல் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஆனதும் ஒரு பெருமை வந்தது.

போகப் போக அந்தச் செடியின் மேல் அவளுக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கும். மறுநாள் வெயில் ஏறியதும் விரிக்கும். "எழுந்தாச்சா?" என்று கேட்டபடியேதான் பூட்டைத் திறப்பாள். வீட்டில் தையல்காரர் கேலி செய்வார்: "என்னைக்கூட நீ இப்படிக் கேட்டதில்லையே."

மணல்பயறு ஒவ்வொரு வருடமும் மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, விதையை மணலில் உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகிற செடி. வேலி போட்ட வருடம் மேடம் எண்ணியபோது அறுபத்துமூன்று இருந்தது. அடுத்த மழைக்கு இருபத்தேழு. அதற்கடுத்து ஆறு. நாலாவது வருடம் மழை நன்றாகத்தான் பெய்தது. பொட்டல் முழுக்கப் புல் மண்டியது. அக்கா முட்டி போட்டு ஒவ்வொரு முழமாகத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். மண்ணைக் குடுவையில் அள்ளிக்கொண்டு போனார்கள். பூச்சி என்றார் ஒருவர், பூஞ்சை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அவளைப் பார்த்து, "ராத்திரியில ஆடு ஏதாவது விடுறீங்களாம்மா?" என்றார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கிளட்ச் போடாமலே கியர் மாற்றியிருப்பாள். அடக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள். ஓட்டக் கற்றுக்கொடுத்த எத்தனையோ பேரை உயிரோடு வீடு கொண்டு சேர்த்தவள், ஒரு செடியைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுதாள்.

பிறகு கடிதம் வந்தது. அடுத்த மழைக்கும் செடி முளைக்காவிட்டால் வேலியை எடுத்துவிட்டு, இடத்தைச் சிமெண்டு கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவார்களாம். தரை முழுக்கக் கான்கிரீட். மேடம் அதைப் படித்துக் காட்டும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

மழைக்கு மூன்று வாரம் இருந்தது. காவல் கொட்டகையில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கும். முதல் வருடம் செடி இருந்த இடங்களில் மேடம் வைத்த அறுபத்துமூன்று சிவப்புப் புள்ளிகள். நாலு வருடமாக அக்கா அதற்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அன்று மத்தியானம் காற்றில் அது கழன்று விழுந்தது. எடுத்தபோது தலைகீழாக இருந்தது. அதாவது, அவள் வண்டியை உள்ளே கொண்டுவருகிற வாசல் கீழேயும், சூளை மேலேயும் இருந்தது. இருபத்திரண்டு வருடம் முன்கண்ணாடி வழியாகப் பார்த்த பார்வை அது.

கையில் இருந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டாள். வாசலை ஒட்டி ஒரு கொத்துப் புள்ளிகள்: வண்டியை முதல் முதலில் எடுக்கும்போது கிளட்சைப் படாரென்று விட்டுக் குதிக்க வைக்கிற இடம். ஓரத்தில் ஒரு கொத்து: ரிவர்ஸில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று திணறுகிற இடம். நடுவில், எல்லாவற்றையும்விட அடர்த்தியாக இருபத்தைந்து புள்ளிகள். அந்த இடம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மேடத்துக்கு போன் போட்டாள். "மேடம், மூணாவது டிரம்!"

"என்னக்கா? எந்த டிரம்?"

"உங்க புள்ளியெல்லாம் என் பசங்க தப்புப் பண்ற இடம். எங்கெங்க சக்கரம் மண்ணைப் பறிக்குமோ, அங்கங்கதான் செடி இருந்திருக்கு. நேரா போற இடத்துல ஒண்ணுகூட இல்லை."

"ஐயோ அக்கா" என்றாள் மேடம். "அந்த விதைக்குத் தோல் ரொம்பக் கெட்டி. ஆய்வகத்துல உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சாத்தான் தண்ணி உள்ள போய் முளைக்கும். அதைத்தான் உங்க சக்கரம் மணலோட சேர்த்து அரைச்சுச் செஞ்சிருக்கு. புல்லையும் பிடுங்கிப் போட்டிருக்கு. எல்லாம் தெரிஞ்ச நானே வேலியைப் போட்டேனே!"

"நீங்க வேலிதான் போட்டீங்க. நான் மண்வாரி போட்டு நிரவினேன்" என்றாள் அக்கா. அதை இதுவரை மேடத்திடம் அவள் சொன்னதில்லை. சொன்னதும் கொஞ்சம் பாரம் இறங்கியது. "விதை இன்னும் இருக்குமா மேடம்?"

"மணலுக்குள்ள எத்தனையோ வருஷம் கிடக்கும். செத்துப் போயிருக்காது. காத்துக்கிட்டு இருக்கும்."

அலுவலகத்தில் முதலில் சிரித்தார்களாம். செடியைக் காப்பாற்ற அதன் மேல் காரை ஏற்றப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? மேடம் இரண்டு வாரம் அலைந்து, காத்துக் கிடந்து, ஒரு நாள் மத்தியானத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினாள். ஒரே ஒரு கார். அக்காவும், பொறுப்புக்கு மேடமும், வேண்டுமானால் இன்னும் ஒரே ஒருவரும் உள்ளே போகலாம். அனுமதி கிடைத்த நாளில் மேற்கே வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது.

அக்கா தன் பழைய சிவப்புக் காரைத் துடைத்து, டிரம்களை உருட்டிவந்து பழைய இடத்தில் வைத்தாள். நாலு வருடம் கழித்து அந்தப் பொட்டலில் எட்டு போட்டாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. கை மறக்கவில்லை. இறங்கி வந்தபோது முகத்தில் கர்வம் தாண்டவமாடியது.

மேடம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கோபப்படாதீங்க. கீறலே விழலையே."

நிஜம்தான். புல் கொஞ்சம் படிந்திருந்தது, அவ்வளவே. அவள் ஓட்டிய அழகுக்கு மணல் ஒரு குண்டுமணி அளவுகூட நகரவில்லை. வேண்டுமென்றே தப்பாக ஓட்டிப் பார்த்தாள். கிளட்சைப் படாரென்று விடலாம் என்று நினைத்தாலும் கால் அதுவாக மெல்ல விட்டது. ஸ்டியரிங்கை ஒடிக்கலாம் என்றால் கை அதுவாக நிதானித்தது. மேடமும் முயன்றாள், பதினைந்து வருடமாகக் காட்டிலும் மேட்டிலும் ஜீப் ஓட்டியவள், அவளுக்கும் வரவில்லை. வானத்தில் மெல்ல உறுமல் கேட்டது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனை எடுத்தாள். "என்னங்க, கடையைப் பூட்டிட்டு உடனே பொட்டலுக்கு வாங்க. கார் ஓட்டணும்."

"யாரு?"

"நீங்கதான்."

"காலையில நல்லாத்தானே இருந்த" என்றார் தையல்காரர்.

கழுத்தில் அளவுநாடாவோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு தடவை மேடத்தைப் பார்த்தார், ஒரு தடவை மனைவியைப் பார்த்தார். "அப்போ, நான் மோசமா ஓட்டணும்?"

"நீங்க எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க, போதும்."

பல வருடம் கழித்து அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் காலடியில் பயிற்சி வண்டிகளில் இருக்கிற இரண்டாவது பிரேக் இருந்தது. அந்தப் பிரேக்கின் மேல் கால் வைக்காமல் அவள் இந்த வண்டியில் உட்கார்ந்ததே இல்லை. இன்று செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததை மேடம் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கார் வாசலிலேயே நாலு தடவை குதித்தது. தையல் மெஷின் கால் பழக்கத்தை மறக்கவில்லை. மிதித்து விட்டது, மிதித்து விட்டது. ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் மண் புழுதியாக எழும்பியது. முதல் டிரம்மை இடித்தார், இரண்டாவதைத் தவறவிட்டார், ரிவர்ஸில் வேலிவரை போய்த் திரும்பினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இருபத்தேழு வருடத் திட்டையும் தொண்டையிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். மூன்றாவது டிரம்மில் அவர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு மிதித்தார். சக்கரம் அங்கேயே சுற்றியது, சுற்றியது, முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூவரும் சேர்ந்து பலகை போட்டுத் தள்ளி வெளியே எடுக்கும்போது முதல் தூறல் விழுந்தது.

அந்தக் குழியைப் பார்த்ததும் தையல்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கொஞ்சம் அதிகமாயிடுச்சு இல்ல?" என்றார். அக்காவின் கை பழக்கதோஷத்தில் மண்வாரியைத் தேடி எடுத்தும்விட்டது. "அக்கா!" என்று மேடம் போட்ட சத்தத்தில் அதைக் கீழே போட்டாள்.

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பார்த்தாள், வெறும் மணல். எட்டாம் நாள் அங்கங்கே பச்சை தெரிந்தது. மண்டியிட்டுப் பார்த்தால் புல். அன்று ராத்திரி சாப்பிடும்போது, வெறும் புல்தான் என்று அவரிடம் சொன்னாள். தையல்காரர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நான் சரியா ஓட்டலையோ?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் தட்டை அவர் பக்கமே திருப்பி நகர்த்தி, இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

பதினோராம் நாள் காலை வகுப்பை முடித்துவிட்டு வந்து பூட்டைத் திறந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லையே என்று விட்டுவிட்டாள். மூன்றாவது டிரம் பக்கம் போனாள். குழியின் சரிவில், ஈர மணலைத் தள்ளிக்கொண்டு, மூன்று குட்டி இலை. சாம்பல் நிறம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இன்னும் கீழே நாலு. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை, அங்கேயேதான் இருந்தன.

மேடம் பறந்தடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாகக் குச்சி நட்டுக்கொண்டே போனார்கள். வாசலில் பத்தொன்பது. ரிவர்ஸ் எடுத்த ஓரத்தில் பதினான்கு. குழியில் மட்டும் நாற்பத்தொன்று. அக்கா பத்துச் சுற்றுப் போட்ட அந்த அழகான எட்டில் ஒன்றே ஒன்று. அதுவும் போனால் போகட்டும் என்று வந்த மாதிரி ஓரத்தில் இருந்தது. மேடம் அங்கேயே உட்கார்ந்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். வேலி இருக்க வேண்டும், கிடங்கு கூடாது, ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஒரு வாரம் புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களை மட்டும் உள்ளே விட வேண்டும், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அனுமதி இல்லை.

அக்கா கணவருக்கு போன் போட்டாள். வாங்க என்று மட்டும் சொன்னாள், காரணம் சொல்லவில்லை.

வேலிக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. தையல்காரர் இறங்கி, பயந்துகொண்டே உள்ளே வந்தார். "என்ன, மறுபடியும் ஓட்டணுமா?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் குழியின் விளிம்பில் நிறுத்தினாள். அவர் நாற்பத்தொரு குச்சிகளையும், ஒவ்வொரு குச்சிக்கும் கீழே இருந்த இலைகளையும் பார்த்தார். துணி பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதெல்லாம் நானா?"

"ஆமாங்க" என்றாள். ஒரு தடவை கனைத்துக்கொண்டு, மேடத்துக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னாள். "நல்லா ஓட்டுனீங்க."